யார் பேரில் அப்கிரேடு?

அத்தியாயம் 11

வில்லாபுரத்து வீட்டில் நல்லது கெட்டது எதுவானாலும் முதலில் அடிப்பது இன்பசேகரனின் போன்தான். அன்று காலையும் அதுதான் அடித்தது.

பாதி முகத்தில் ஷேவிங் நுரையோடு அவர் போனை எடுத்தார்.

"சொல்லு ஜினோ... அடடா! எப்ப? தூக்கத்துலயேவா? சரிப்பா, சரிப்பா. சாயங்காலம் நாலு மணிக்கு அடக்கமா? ஆராதனைத் தாளைப் பத்திக் கவலப்படாத. நான் முடிச்சுத் தந்துர்றேன். எம்புட்டு வேணும்? இருநூறா? ஆயிரும்ப்பா."

போனை வைத்தவர் அடுக்களைப் பக்கம் குரல் கொடுத்தார்.

"பெர்சி, ஜினோவோட அம்மா, ஆனையூர் ரோஸ்லின் டீச்சர் தவறிட்டாங்களாம். மூணு மணிக்குள்ள தாள் ரெடியாகணும்."

நான் முடிச்சுத் தந்துர்றேன் என்று சொன்ன வாய்தான் இதையும் சொன்னது. மிச்ச முகத்தையும் மழித்துக்கொண்டு, நாலு இட்லியைச் சாப்பிட்டுவிட்டு, அந்த 'நான்' கப்பலூருக்கு வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டது. இட்லித் துணியைப் பிழிந்துகொண்டிருந்த பெர்சி அப்படியே நின்றாள். டீச்சரா? போன மாதம் கூட மாங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்பினாரே!

அழுவதற்கு நேரமில்லை. அவளுடைய தொழில் அப்படி.

சபையில் ஒருவர் இறந்தால் சில மணி நேரத்துக்குள் ஆராதனைத் தாள் தயாராக வேண்டும். முகப்பில் போட்டோ, உள்ளே பாட்டுகள், வேதபாகம், இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பு. பிரஸ்ஸில் பிடிஎஃப் ஆகக் கொடுத்தால்தான் வாங்குவார்கள். எட்டு வருஷமாக அதைத் தட்டி, அடுக்கி, அழகாக்கித் தருகிறவள் பெர்சி. வீட்டு ஹாலில், டிவிக்குப் பக்கத்தில் இருக்கும் கம்ப்யூட்டர்தான் அவள் ஆபீஸ். ஆனால் ஒவ்வொரு தாளின் அடியிலும் பொடி எழுத்தில் 'இன்பா கிராபிக்ஸ், வில்லாபுரம்' என்று இருக்கும். கீழே இன்பசேகரனின் நம்பர்.

போன வாரத்து ஞாயிற்றுக்கிழமை மதியம் கோழிக் குழம்போடு நடந்த பஞ்சாயத்து உங்களுக்கு நினைவிருக்கும். பிடிஎஃப் சாஃப்ட்வேர் பழசாகிவிட்டது, அப்கிரேடு செய்யுங்கள் என்று கம்ப்யூட்டர் தினமும் கெஞ்சிக்கொண்டிருந்தது. "வேணாம். வருசா வருசம் காசு கட்டணுமாம். ஓடுற வரைக்கும் ஓடட்டும்" என்றார் இன்பசேகரன். "புதுசுல எந்தக் கம்ப்யூட்டர்ல இருந்து வேணும்னாலும் லாகின் பண்ணிக்கலாம்ப்பா. ஃபைலெல்லாம் அதுலயே பத்திரமா இருக்கும்" என்றாள் மகள் ஷெரின். "நமக்கு எதுக்கு நாலு கம்ப்யூட்டர்?" என்று அப்பா எலும்பைக் கடித்தார். அதோடு தீர்ப்பு முடிந்தது.

அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவளை ஒருவரும் கேட்கவில்லை. அவளும் குழம்புக் கரண்டியோடு பேசாமல் நின்றாள். 'ஏன் இந்தப் பெர்சி வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள்' என்று போன வாரம் எரிச்சல்பட்டவர்களுக்கு ஒரு வார்த்தை: அதே எரிச்சல் அவளுக்கும் தன் மேலேயே இருந்தது.

கம்ப்யூட்டரைப் போட்டாள். டீச்சரின் தாளைப் புதிதாகத் தட்ட வேண்டியதில்லை. டீச்சரே போன வருஷம் ஆனையூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, தன்னுடைய அடக்க ஆராதனைத் தாளைத் தானே போட்டு வாங்கியிருந்தார்.

"நான் போன அன்னைக்கு இவனுங்க கூட்டம் போட்டு முடிவு பண்ணுவானுங்க பெர்சி. எனக்குப் பிடிக்காத பாட்டெல்லாம் பாடுவானுங்க. நீ இப்பவே போட்டு வச்சிரு. தேதி மட்டும் பாக்கி விடு."

முகப்புக்கு டீச்சர் தேர்ந்தெடுத்தது முன்பல் இடைவெளி தெரியச் சிரிக்கும் படம். பெயர் எப்படிப் போட என்று பெர்சி கேட்டதற்கு, "என் பேருக்கு முன்னாடி யார் பேரையும் தூக்கி வைக்காத. ரோஸ்லின் டீச்சர். அம்புட்டுதான்" என்றார். பெர்சி சிரித்துவிட்டாள். அன்று டீச்சர் சிரிக்கவில்லை. "நீ செய்வேன்னு சொல்லு" என்று கையைப் பிடித்துக்கொண்டார். செய்கிறேன் டீச்சர் என்று அவள் வாக்குக் கொடுத்தாள்.

ஃபைலைத் திறந்தாள். தேதியைப் போட்டாள். சேமித்தாள்.

திரையைப் பார்த்தாள்.

டீச்சரின் முகத்துக்குக் குறுக்கே, ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு, சாம்பல் நிறத்தில் கொட்டை எழுத்து ஓடியது. 'டிரையல் காப்பி' என்று ஆங்கிலத்தில். அந்த அழகான பல்லுக்கு மேலேயே ஓர் எழுத்து உட்கார்ந்திருந்தது. அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். வேதபாகத்தின் மேலும் அதே. பாட்டுகளின் மேலும் அதே.

"ஷெரின்! இங்க வாடி!"

தலையில் துண்டோடு ஓடிவந்தவள், திரையைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அந்த நாக்கைக் கடித்த விதத்திலேயே பெர்சிக்குப் பாதி விளங்கிவிட்டது.

"என்ன பண்ணித் தொலைச்ச?"

"அம்மா... அன்னைக்கு அப்பா வேணாம்ன்டு சொன்னாருல்ல? உனக்குப் பாவமா இருக்கேன்டு நானா அப்கிரேடு குடுத்துட்டேன். ஒரு வாரம் ஓசி. அதுக்குள்ள அப்பாகிட்டப் பேசிச் சம்மதிக்க வச்சிரலாம்ன்டு பாத்தேன். மறந்துட்டேன்."

அந்த வாரம் பார்த்து ஒருவரும் சாகவில்லை, ஒருவருக்கும் கல்யாணமில்லை. பெர்சி அந்தப் பக்கமே உட்காரவில்லை. ஓசி வாரம் நேற்றோடு முடிந்திருந்தது.

"பழசை எடு."

"புதுசு ஏறும்போதே பழசு போயிருச்சும்மா. அது இப்ப டவுன்லோடும் இல்ல."

"வேற ஏதாச்சும் சும்மா கெடைக்கிறதுல போட்டுப் பாரு."

ஷெரின் போட்டுப் பார்த்தாள். பெர்சியின் பழைய தமிழ் எழுத்துருவை அந்த ஓசிச் சரக்கு கண்டதேயில்லை போலும். எல்லாம் கட்டம் கட்டமாக வந்தது.

"ஏன்டி, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?" பெர்சியின் குரல் உயர்ந்தது. "அவரு கேக்காம வேணாம்ங்கிறாரு. நீ கேக்காம வேணும்ங்கிற. இந்தச் சேர்ல எட்டு வருசமா உக்காந்து முதுகொடியுறது நான். நான் ஒரு ஆளா, இல்ல அந்தச் சேருக்குப் போட்டு வச்ச உறையா?"

ஷெரின் அழ ஆரம்பித்தாள்.

"அழுகாத. அழுகிறதுக்கு நான் இருக்கேன். இதுக்குக் காசு கட்ட என்ன வழி, அதைச் சொல்லு."

வழி இருந்தது. ஒரே ஒரு பட்டன். வாங்கிய நாளிலிருந்து அந்தச் சாஃப்ட்வேர் கணக்கு இன்பசேகரன் பேரில் இருந்தது. கார்டு அவருடையது. பட்டனை அழுத்தினால் ஓடிபி அவருடைய போனுக்குப் போகும். அவர் சொன்னால் இங்கே தட்டலாம். அவ்வளவுதான் விஷயம்.

பெர்சி போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். மறுபடியும். கடைசியில் எடுத்தவர் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார்.

"வேலை நேரத்துல என்ன?"

அவள் சொன்னாள். மகளைக் காட்டிக்கொடுக்காமல், சாஃப்ட்வேர் நின்றுவிட்டது என்று மட்டும் சொன்னாள்.

"அதுக்குத்தான் ஞாயித்துக்கிழமையே வேணாம்ன்டு முடிவு பண்ணியாச்சுல்ல?"

"யாரு முடிவு பண்ணது?"

"நாமதான்."

"நாமன்னா யாரு? நீங்களும் கோழியுமா?"

"வாய் ரொம்ப நீளுது பெர்சி. பிரஸ்ல நல்லகாமன்கிட்டக் குடுத்து ஏதாவது சரிக்கட்டச் சொல்லு. போனை வை."

வைத்துவிட்டார். நல்லகாமன் நல்ல மனிதர். ஆனால் கொடுத்ததை அச்சடிக்கத்தான் அவருக்குத் தெரியும்.

பெர்சி சேலையை இழுத்துச் செருகினாள். ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

"எங்கம்மா போற?"

"உங்கப்பாகிட்ட. நீ இந்தக் கம்ப்யூட்டர விட்டு எந்திரிக்காத. நான் போன் பண்ணதும் பட்டனை அமுக்கு."

அவனியாபுரம் கடைத்தெருவில் மாடு, மினி பஸ், மண் லாரி எல்லாம் சேர்ந்து வழியை அடைத்துக்கொண்டு நின்றன. மற்ற நாளாக இருந்தால் பொறுமையாக நிற்பாள். அன்று ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. ரிங் ரோட்டில் லாரிகள் புழுதியை வாரி அடித்துக்கொண்டு போயின. வெயில் கண்ணைப் பறித்தது. கோபத்தில் இருக்கிறவளுக்கு வெயில் ஒரு பொருட்டா? கப்பலூர் எஸ்டேட்டுக்குள் நுழைந்து, ரப்பர் வாடை அடிக்கும் அந்தக் கம்பெனி வாசலில் வண்டியை நிறுத்தியபோதுதான் தொண்டை காய்ந்திருப்பதே தெரிந்தது.

வாசலில் செக்யூரிட்டி மலையாண்டி நாற்காலியை விட்டு எழுந்தார்.

"யாரைம்மா பாக்கணும்?"

"இன்பசேகரன் சாரைப் பாக்கணும்ண்ணே. பெர்சி வந்திருக்கேன்ன்டு சொல்லுங்க. அவசரம்."

மலையாண்டி உள்ளே தகவல் சொல்லிவிட்டு, பேச்சுத் துணைக்கு ஆள் கிடைத்த சந்தோஷத்தில் திரும்பினார்.

"சாரோட வீட்டம்மாவா? அவரு கம்பெனியில டைப் அடிக்கிறது நீங்கதானா?"

"எந்தக் கம்பெனியில?"

"அதான் இன்பா கிராபிக்ஸ். சார் சொந்தமா நடத்துறாருல்ல? டிசைன் பூராம் நானே பண்ணுவேன், வீட்டுல கூடமாட டைப் அடிச்சுக் குடுக்கும்ன்டு சொல்லுவாரு. டேபிள்ல அடுக்கடுக்கா கார்டு வச்சிருக்காரு. போன மாசம் என் தங்கச்சி மக காதுகுத்துக்குக் கூட சார்தான் பத்திரிகை அடிச்சுக் குடுத்தாரு. அம்புட்டு அழகு!"

அந்தக் காதுகுத்துப் பத்திரிகை பெர்சிக்கு நன்றாக நினைவிருந்தது. ஓரத்தில் மயில் வைத்தது. காய்ச்சலோடு உட்கார்ந்து அடித்தது.

கூடமாட. அந்த ஒரு வார்த்தை அவள் உச்சந்தலைக்கு ஏறியது. இத்தனை நாளும், வெளியில் போன் பேசுவதற்கு ஆம்பிளைக் குரல் இருந்தால் நல்லதுதானே என்று நினைத்து விட்டுக்கொடுத்தாள். விட்டுக்கொடுத்தது நம்பரை மட்டும் என்று நினைத்திருந்தாள். கையையே கொடுத்திருக்கிறாள் என்பது இப்போதுதான் தெரிகிறது.

இன்பசேகரன் வேகமாக வெளியே வந்தார். முகம் சிவந்திருந்தது.

"இங்கிட்டு எதுக்கு வந்த? நாலு பேரு பாக்குற எடம்."

"போனைக் குடுங்க. நம்பர் வரும். ஷெரின்கிட்டச் சொல்லிட்டு நான் பாட்டுக்குப் போயிர்றேன்."

"வீட்டுல சொன்னா புரியாதா உனக்கு? ரோட்டுல வந்து நிப்பியா?"

"டீச்சர் மூஞ்சிக்குக் குறுக்க இங்கிலீசுல எழுத்து ஓடுது. அதை அப்படியே அச்சடிச்சு அவங்க பெட்டிக்கு முன்னாடி கையில குடுக்கச் சொல்றீங்களா? நான் முடிச்சுத் தாரேன்ன்டு ஜினோகிட்டச் சொன்னது நீங்கதான?"

"ஒரு தாளுக்காக வருசத்துக்குக் காசைக் கட்டச் சொல்றியா? டைம்பாஸுக்குப் பண்ற வேலைக்கு..."

"டைம்பாஸா?" பெர்சி கத்தியே விட்டாள். "எனக்கு டைம்பாஸு, உங்களுக்குக் கம்பெனியா? அப்ப டேபிள்ல எதுக்கு அடுக்கடுக்கா கார்டு?"

இன்பசேகரன் மலையாண்டியைப் பார்த்தார். மலையாண்டி ரிஜிஸ்டரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு படித்தார்.

அதற்குள் மாடிப் படியிலிருந்து ஒரு இளம் குரல் வந்தது. மேனேஜர் ஜெயந்த். ஷெரினைவிட ஏழெட்டு வயசு கூட இருந்தால் அதிகம்.

"இன்பா! அந்த ஃபைல் எங்க? ஒரு வேலை சொன்னா எம்புட்டு நேரம்?"

"இந்தா வந்துட்டேன் சார். ஒரே நிமிஷம் சார்."

அந்த 'சார்' சொன்னபோது அவர் தோள் இரண்டும் ஒடுங்கின. பெர்சி அதைப் பார்த்தாள். இந்த வாசலுக்குள் இன்பாவாகச் சுருங்குகிற மனுஷன், தாளின் அடியில் பொடி எழுத்தில்தான் முதலாளியாக நிமிர்ந்திருக்கிறார். அவளுக்குப் பாவமாக இருந்தது. உண்மையாகவே பாவமாக இருந்தது. ஆனால் இப்படிப் பாவம் பார்த்துப் பார்த்துத்தான் எட்டு வருஷம் போயிற்று என்பதும் அடுத்த நிமிஷமே உறைத்தது.

"போனைக் குடுத்துட்டுப் போங்க" என்றாள்.

"சாயங்காலம் வந்து பேசிக்குவோம். நீ கெளம்பு."

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவர் உள்ளே போய்விட்டார்.

"சாயங்காலம் டீச்சரை மண்ணுக்குள்ள வச்சிருவாங்க!" என்று அவர் முதுகைப் பார்த்துச் சொன்னாள். முதுகு திரும்பவில்லை.

மலையாண்டி நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார். தண்ணீர் பாட்டிலை நீட்டினார். பெர்சி மடமடவென்று குடித்தாள். வீட்டில் ஷெரின் பட்டனில் விரலை வைத்துக் காத்திருப்பாள். பட்டன் அங்கே வில்லாபுரத்தில், பூட்டு இங்கே அந்தச் சட்டைப் பையில். அந்தச் சட்டையைத் துவைத்துத் தேய்த்துக் கொடுத்ததும் அவள்தான்.

திடீரென்று ஒன்று தோன்றியது. இவ்வளவு சின்ன விஷயம் ஏன் இதுவரை தோன்றவில்லை என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஷெரினைக் கூப்பிட்டாள்.

"அந்தக் கணக்கை விட்டுரு. புதுசா ஒண்ணு போடு."

"யார் பேர்லம்மா?"

"என் பேர்ல."





"அப்படிப் போடலாமாம்மா?"

"கூடாதுன்டு அதுல எழுதியிருக்கா? பாரு."

"இல்லம்மா. போடலாம். கார்டு கூட வேணாம், உன் போன்லருந்தே கட்டலாம். ஓடிபியும் உனக்குத்தான் வரும்." ஷெரின் கொஞ்சம் தயங்கினாள். "இம்புட்டு நாளா நாம ஏம்மா இதைப் பண்ணல?"

தாய் எம்.ஏ., மகள் பி.காம் இரண்டாம் வருஷம். தடுக்க ஒரு சட்டமும் இல்லை, ஒரு பூட்டும் இல்லை. வீட்டுக்கு எது வாங்கினாலும் அவர் பேர், அவர் நம்பர் என்று கை தானாகவே எழுதிப் பழகிவிட்டது. கேஸ் சிலிண்டரிலிருந்து கம்ப்யூட்டர் வரைக்கும் அப்படித்தான். வேறு விதமாக எழுதலாம் என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவேயில்லை.

இன்னும் ஒரு சிக்கல் இருந்தது. அவள் கணக்கில் காய்கறிக்கும் பாலுக்கும் ஆன காசுதான் கிடந்தது. தாளுக்கு வரும் பணமெல்லாம் போவது 'இன்பா கிராபிக்ஸ்' நம்பருக்கு. ஜினோவின் நம்பர் அவளிடம் இல்லை. டீச்சரின் நம்பர் இருந்தது. செத்துப்போனவரின் பேர் திரையில் தெரிய, அதையே அழுத்தினாள்.

ஜினோதான் எடுத்தான்.

"ஜினோ, பெர்சி அக்கா பேசுறேன். தாளுக்கு உள்ளதை இப்பவே அனுப்ப முடியுமா? இந்த நேரத்துல கேக்குறேன்ன்டு தப்பா நினைக்காத."

"அதெல்லாம் இல்லக்கா. எப்பவும் போல அண்ணே நம்பருக்குத்தான?"

"இல்ல. இந்த நம்பருக்கு."

"இது..."

"இது என் நம்பர் ஜினோ. தாள் போடுறது நான்தான்."

"தெரியும்க்கா" என்றான் அவன். "அம்மா எப்பவும் அதைத்தான் சொல்லுவாங்க."

அதைக் கேட்டபோதுதான் காலையிலிருந்து அடக்கி வைத்த அழுகை வந்தது. துடைத்துக்கொள்வதற்குள் போன் கிணிங்கென்றது. பணம் வந்துவிட்டது. அதை அப்படியே கட்டினாள். அடுத்த கிணிங்கில் புதுக் கணக்கைத் திறக்கும் ஓடிபி வந்தது. அவளுடைய போனில். பெர்சி அந்த எண்களை ஷெரினுக்கு ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னாள். தேவைக்கு மேல் கொஞ்சம் சத்தமாகவே, கம்பெனி மாடியைப் பார்த்துச் சொன்னாள்.

வீடு திரும்பியபோது திரையில் டீச்சர் பளிச்சென்று சிரித்துக்கொண்டிருந்தார். முகத்தின் குறுக்கே ஒரு கோடு இல்லை, ஒரு கீறல் இல்லை. பெர்சி ஒவ்வொரு பக்கமாகச் சரிபார்த்தாள். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் அடியில் அந்தப் பொடி எழுத்து. அதன் மேல் கொஞ்ச நேரம் கையை வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு அழித்தாள்.

"கம்பெனிக்கு என்ன பேரும்மா வைக்கப் போற? பெர்சி கிராபிக்ஸா?"

"கிராபிக்ஸும் வேணாம், ஒண்ணும் வேணாம். பெர்சி, வில்லாபுரம். கீழ என் நம்பர்."

தெற்குவாசல் பிரஸ்ஸில் நல்லகாமன் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

"பாப்பா, அடியில நம்பர் தப்பா விழுந்திருச்சு போல. அண்ணே நம்பர் இது இல்லையே?"

"இப்பத்தான் சரியா விழுந்திருக்கு. அடிங்கண்ணே."

ஆனையூர் சர்ச்சில் நிற்க இடமில்லை. டீச்சரிடம் படித்தவர்கள் நரைத்த தலையோடும் பேரப்பிள்ளைகளோடும் வந்திருந்தார்கள். தாளைக் கையில் வாங்கிய ஒவ்வொருவரும் முகப்பைப் பார்த்து, அழுதுகொண்டே சிரித்தார்கள். டீச்சர் கேட்ட பாட்டுகளையே பாடினார்கள். வாக்கு நிறைவேறிவிட்டது.

இன்பசேகரன் கம்பெனியிலிருந்து நேராக வந்து ஆண்கள் பக்கம் நின்றிருந்தார். அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. தாள் கைக்கு வந்ததும் முதலில் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, அடியில் இருக்கும் எழுத்தைக் கட்டைவிரலால் ஒரு தடவு தடவுவார். அன்றும் தடவினார். விரல் அங்கேயே நின்றது. அதற்குப் பிறகு அவர் பாடவில்லை. பெர்சி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். சந்தோஷம் வரும் என்று நினைத்தாள். வரவில்லை. கோபம் மட்டும் ஆறாமல் கிடந்தது.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்து வாசலில் எல்லோரும் கலைந்துகொண்டிருந்தபோது, பாடகர் குழுவில் இருக்கும் ஞானதுரை இன்பசேகரனிடம் வந்தார்.

"அண்ணே, நாளன்னைக்கு எங்க அப்பாவுக்கு முதல் வருச நினைவு நாள். இதே மாதிரி ஒரு தாள் வேணும். விவரம் சொல்ல உங்களுக்குப் போன் அடிக்கவா?"

"அடிங்க அடிங்க. நான் முடிச்சுத்..."

"தாள்ல இருக்க நம்பருக்கு அடிங்கண்ணே" என்றாள் பெர்சி.

ஞானதுரை தாளைத் திருப்பிப் பார்த்து, அங்கேயே எண்களை அழுத்தினார். வழக்கம்போல இன்பசேகரனின் கை சட்டைப் பைக்குப் போயிற்று. மணி அடித்தது பெர்சியின் கைப்பையில். அவர் கை சட்டைப் பையிலேயே இருந்தது. ஞானதுரை இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நாளைக்குப் பேசுறேன்க்கா" என்று நழுவினார்.

இன்பசேகரன் நெருங்கி வந்தார். குரல் தணிந்திருந்தது. சத்தம் போடும் இன்பசேகரனைவிட இந்த இன்பசேகரனிடம்தான் பெர்சிக்குப் பயம்.

"என் பேரைத் தூக்கிட்டேல்ல?"

"உங்க பேரைத் தூக்கணும்ன்டு இல்ல. என் பேரைப் போட்டேன். அம்புட்டுதான்."

"அந்தக் கம்ப்யூட்டர் யாரு வாங்கினது?"

"நீங்கதான் வாங்குனீங்க."

"பில்லு யார் பேர்ல இருக்கு?"

"உங்க பேர்லதான்."

"அப்பச் சரி."

அவ்வளவுதான் சொன்னார். பைக்கை உதைத்துக் கிளப்பிப் போய்விட்டார். 'அப்பச் சரி' என்றால் என்ன? பெர்சி ஜினோ வீட்டில் ஒரு வாய் காப்பி குடிக்கும்போதும் அதையே யோசித்துக்கொண்டிருந்தாள்.

விடைபெற்று ஸ்கூட்டர் பக்கம் வந்தபோது ஷெரினிடமிருந்து போன்.

"அம்மா! அப்பா வந்து கம்ப்யூட்டர அவுத்து ஆட்டோவுல ஏத்துறாரும்மா. மானிட்டர், கீபோர்டு, பூராத்தையும். எங்க கொண்டு போறீங்கன்டு கேட்டா, என் சாமான், என் இஷ்டம்ங்கிறாரு. என்னம்மா பண்ண? நான் ஆட்டோவுக்கு முன்னாடி போயி நிக்கவா?"

பெர்சிக்குக் காது இரண்டும் கொதித்தன. ஆனையூரிலிருந்து வில்லாபுரம் வரைக்கும் கேட்கிற மாதிரி கத்த வேண்டும் போல இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

"பாஸ்வேர்டு உனக்கும் எனக்கும் தவிர யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாதும்மா."

"அப்ப வழியை விடு. வயரைச் சுருட்டிக் குடு. மவுஸை மறந்துட்டுப் போயிரப் போறாரு, அதையும் எடுத்துக் குடு."

"அம்மா?"

"பெட்டியத்தான தூக்கிட்டுப் போறாரு? போகட்டும். ஃபைல் பூராம் என் கணக்குல ஏறியாச்சு. அதுக்குள்ள ஒண்ணும் இல்ல."

"நீ எப்பம்மா வீட்டுக்கு வார?"

பெர்சி ஸ்கூட்டரில் சாவியைப் போட்டாள். தெற்குவாசல் பிரஸ்ஸில், காகிதக் கட்டுகளுக்குப் பின்னால், நல்லகாமன் துணி போட்டு மூடி வைத்திருந்த இரண்டாவது கம்ப்யூட்டர் அவள் கண் முன்னால் வந்து நின்றது.

"ஞானதுரை அண்ணனுக்குத் தாள் போடணும்டி. எனக்கு ஒரு சேர் பாத்துட்டு வாரேன்."